தோலுக்கு மட்டும் தெரிந்த சூடு

உடம்புக்குள் ஒன்றும் கிடையாது என்று அத்தை சொல்லியாகிவிட்டது. கேட்டது என்னவோ அனுசியாவிடம்தான். ஆனால் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, துணிக்கடைக்காரர் என்ன கலர் வேண்டும் என்று கேட்டாலும், டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும், அனுசியா வாயைத் திறப்பதற்குள் மாமியார் சண்முகத்தாயின் பதில் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் பிரியத்தால்தான். அதனால்தான் அதை ஒன்றும் செய்ய முடிவதில்லை. “உள்ள எங்கயாவது கம்பி, தகடு, ஸ்க்ரூ வச்சிருக்காங்களா? மெட்டல் இருந்தா அந்த எடத்துல சூடு குவிஞ்சிரும், அதான் கேக்கேன்” என்று பிசியோதெரபி செய்கிற ப்ளெஸ்ஸி மேடம் கேட்டபோதும் அப்படித்தான். “அவளுக்கு என்னம்மா, சின்ன வயசு. கத்தி படாத உடம்பு. மொதப் பிள்ளையும் சுகப்பிரசவம்” என்றாள் அத்தை. “இப்ப முழுகாம இருக்காங்களா?” “அதுக்குத்தானம்மா மூணு வருசமா காப்பிய விட்டுக் கெடக்கேன்.” ப்ளெஸ்ஸிக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தாள். பிறகு அனுசியாவைப் பார்த்து, “அப்ப ஒண்ணும் இல்லல்லா?” என்றாள். அனுசியா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கமாக ஆட்டினாள் என்று இப்போது யோசித்தால் அவளுக்கே நிச்சயமில்லை. எந்தப் பக்கமாக ஆட்டியிருந்தாலும் பொய்தான். அதற்குள் ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு, வளையல் எல்லாம் கழன்று அத்தையின் கைக்குட்டைக்குள் போய்விட்டன. தாலியைக் கழற்றச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க ப்ளெஸ்ஸிக்கு விருப்பமில்லை. அதைக் கழுத்தோடு மேலே இழுத்துத் தலைமாட்டுப் பக்கம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். உடம்பின் மேலே இருந்த உலோகமெல்லாம் ஒன்றுவிடாமல் ஒதுங்கிவிட்டது. உள்ளே இருந்தது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது பச்சைத் திரைக்குள் குப்புறப் படுத்திருக்கிறாள். வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை. இடுப்புக்கு மேலே, தொடாமல், வடைச்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி ஒரு தட்டு இரும்புக் கை ஒன்றில் தொங்குகிறது. விளக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் வெளிச்சம் கிடையாது. ஓர் உறுமல், அவ்வளவுதான். “கால் மணி நேரம். சூடு இதமா இருக்கணும். சுள்ளுன்னா ஒடனே கூப்பிடணும். திரும்பி மிசின் பக்கம் பாக்கப்பிடாது, கண்ணுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டு ப்ளெஸ்ஸி தள்ளிப் போய்விட்டாள். எப்போதும் அவர்கள் தள்ளிப் போய்விடுகிறார்கள், நோயாளிக்கு நல்லது செய்கிற எதுவும் தங்கள் மேல் படாத தூரத்துக்கு. எக்ஸ்ரே எடுக்கிறவர்களும் அப்படித்தான். எலும்பு டாக்டர் முந்தாநாள் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு எழுதிவிடுவாரோ என்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதியிருந்தால், அந்தக் கறுப்புத் தாளின் நடுவில் வெள்ளை வெளேரென்று அது நின்றிருக்கும். இது என்ன டாக்டர், எலும்பா என்று அத்தை கேட்டிருப்பாள். நல்லவேளை, சின்ன வயசு, தசைப்பிடிப்புதான், கொஞ்ச நாள் சூடு வைத்தால் சரியாகிவிடும் என்று அவர் சொல்லிவிட்டார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று வந்து, சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதையாக இந்தத் தட்டுக்குக் கீழே படுத்திருக்கிறாள். சூடு வந்துவிட்டது. இதமாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இயற்பியல் படிக்காதவளாக இருந்திருந்தால் இந்நேரம் கண்ணயர்ந்திருப்பாள். படித்துத் தொலைத்தாள். பட்டம் வாங்கி, கல்யாணம் வரைக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலைகளைப் பற்றிப் பாடமும் நடத்தியவள். இந்தத் தட்டிலிருந்து இறங்குவது என்ன என்று அவளுக்குத் தெரியும். ரேடியோவுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் உள்ள ஓர் அலை. வீடுகளில் சோறு சுடவைக்கிற மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதும் இதுதான். எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிற சக்தி இதற்குக் கிடையாது, பாவம், ஆட்ட மட்டும்தான் தெரியும். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை ஒரு வால் உண்டு. அலை இந்தப் பக்கம் இழுத்தால் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம், ஒரு விநாடிக்கு இருநூற்றுச் சொச்சம் கோடி தடவை. இழுத்த இழுப்புக்கெல்லாம் திரும்பித் திரும்பி, பக்கத்தில் இருப்பவற்றோடு உரசி உரசி, கடைசியில் மிஞ்சுவது சூடு. கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதனால் அலை அதை அதிகம் சட்டை செய்யாமல் தாண்டிப் போகும். தசை முழுக்கத் தண்ணீர், ரத்தம். அங்கே போய் உட்கார்ந்து தன் சக்தியை இறக்கிவைக்கும். பிடித்துக்கொண்ட தசை இளகும், ரத்தக்குழாய் விரியும், வந்த ரத்தம் அதிகச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குள் இருக்கிற வில்லையில் ரத்த ஓட்டமே கிடையாது, வந்த சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லை, அதனால்தான் திரும்பாதே என்கிறாள் ப்ளெஸ்ஸி. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன. சூட்டைச் சொல்கிற நரம்பெல்லாம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது என்பதும் தெரியும். உள்ளே ஏதாவது வெந்தால் தோலுக்குச் சேதி வராது. சென்னையில் அண்ணன் வீட்டு அடுப்பில் சுடவைத்த உருளைக்கிழங்கு போண்டா கையில் எடுத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கடித்ததும் உள்ளே இருந்த ஆவி நாக்கை உரித்துவிட்டது. அதே அடுப்பில்தான் அண்ணி ஒருநாள் தங்கக் கரை போட்ட கோப்பையைத் தெரியாமல் வைத்துவிட்டாள். சடசடவென்று அந்தக் கரையில் பொறி பறந்தது. கோப்பைக்குள் இருந்த பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மெல்லிய கோட்டில்தான் எல்லாம் வந்து கூடியது. அது தங்கம். இது செம்பு.

செம்புக்கம்பி சுற்றிய ஒரு சின்னப் பிளாஸ்டிக். ஆள்காட்டி விரலின் பாதி நீளம்கூட இராது. காப்பர் டி. தர்ஷிகா பிறந்த கையோடு, அம்மா ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எல்லோருக்கும் உள்ள முறைதான். அந்த முறையில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று அதற்கு முன் அவளுக்குத் தெரியாது. பிரசவ அறையில் நடந்தது எதுவும் புருஷன் வீட்டுக்கு எட்டாது. ரத்தம் குறைவாக இருக்கிறது, ரெண்டு மூணு வருஷம் இடைவெளி விடம்மா, வச்சுவிடட்டுமா என்று நர்ஸ் நல்லபடியாகத்தான் கேட்டாள். அனுசியா சரி என்றாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மயக்கத்தில் சொன்னதும் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்ல ஆள் இல்லாத அபூர்வமான ஒரு நிமிஷத்தில், அவளே யோசித்து, அவள் வாயாலேயே சொன்ன சரி அது. வெளியே வந்து அம்மாவிடம் சொன்னதற்கு அம்மா, “இருக்கட்டும். அவுக வீட்டுல கேட்டா அப்ப பாத்துக்கிடலாம்” என்றாள். அவர்கள் கேட்கவில்லை. யார் கேட்பார்கள், ஏம்மா, உனக்குள்ளே ஏதாவது வைத்திருக்கிறதா என்று. ஐந்து வருஷம் கழித்து ப்ளெஸ்ஸி மேடம்தான் முதன்முதலாகக் கேட்டாள், அதற்கும் அத்தை பதில் சொல்லிவிட்டாள். மாரீஸ்வரனிடம் சொல்லியிருக்கலாம். நல்ல புருஷன். அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத நல்ல புருஷன். சாயங்காலம் அவன் காதில் போட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது அத்தையின் காதுக்குப் போய்விடும். அடுத்த மாசம் சொல்லலாம், பிள்ளைக்கு மொட்டை போட்ட பிறகு சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதுதான் பெரிய கேள்வியாக நிற்கும் என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாய் தானாகவே ஒட்டிக்கொண்டது. இடுப்பில் சூடு கொஞ்சம் ஏறுகிறதா? இல்லை, அப்படியேதான் இருக்கிறது. உறுமல்தான் கூடின மாதிரி இருக்கிறது. கீழே தெருவில் லாரி போகிறது, அதுதான்.

இரண்டு மூன்று வருஷம் என்றுதானே நர்ஸ் சொன்னாள், அதற்கப்புறம் எடுத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால்? கேட்பார்கள். அதற்கு என்ன பதில்? அந்தத் தண்ணீர்க் குழாயைத்தான் சொல்ல வேண்டும். தர்ஷிகாவுக்கு மூன்று மாசம். இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை அழும். பால் கொடுத்தாலும் அழும், தோளில் போட்டாலும் அழும். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, ரெண்டு பக்கமும் தலையணை வைத்து, அனுசியா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, அழுகை காதில் விழாமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாளி நிறைந்து வழியும். அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், அந்த வாளி எவ்வளவு ஆழம் என்று தோன்றியது. யாருக்காக அந்த ஆழம் என்று தன்னிடமே அவள் சொல்லிக்கொள்ளவில்லை. எழுந்து குழாயை மூடிவிட்டு, தெறித்த தண்ணீரில் நனைந்த தலையோடு வந்து பிள்ளையைத் தூக்கி அத்தையின் மடியில் போட்டாள். “என்னத்தா, குளிர்ல நடுங்குத” என்று அத்தை தன் சேலை முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள். மூன்று நாலு மாசம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் பிள்ளை சிரித்தது, அவளும் சிரித்தாள், வெயில் வந்த மாதிரி எல்லாம் சரியாயிற்று. எப்படிப் போனது என்று தெரியாததால் எப்போது வரும் என்றும் தெரியாது. இன்னொரு பிள்ளை என்று யாராவது சொன்னால் அவளுக்கு அந்த வாளி நிறைகிற சத்தம்தான் கேட்கும். அப்போதெல்லாம் அடிவயிற்றில் கையை வைத்து, அது இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொள்வாள். மற்றவர்களுக்குக் குலசாமி. அவளுக்குச் செம்புக்கம்பி.

அதே இடம்தான் இப்போது தலையணையில் அழுந்திக்கிடக்கிறது. அங்கே ஒரு புள்ளியில் ஏதோ சுருக்கென்றது. சுருக்கென்றதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். ஒன்றுமில்லை. கவனிக்கிறதை நிறுத்தினாள், திரும்பவும் சுருக்கென்றது. கணக்குப் போடு, அனுசியா, படித்தவள்தானே நீ. இந்த அலை தசைக்குள் விரல்கடை ஆழம் போவதற்குள்ளேயே பாதிக்கு மேல் செத்துவிடும். நடுவில் எவ்வளவு இருக்கிறது: தோல், கொழுப்பு, கட்டியான முதுகுத் தசை, எலும்பு, அப்புறம் குடல், அப்புறம்தான் கர்ப்பப்பை. அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒன்றும் மிஞ்சாது. ரத்த ஓட்டம் வேறு இருக்கிறது, சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒன்றும் ஆகாது. அப்படியானால் அவர்கள் ஏன் கேட்கிறார்கள்? ஜாக்கிரதைக்குக் கேட்கிறார்கள். ஜாக்கிரதை எதற்கு, ஒன்றும் ஆகாது என்றால்? மிஞ்சுவது துளியாக இருந்தாலும் அந்தத் துளியும் கம்பியைத் தேடித்தானே வரும், கோப்பையின் கரைக்கு வந்த மாதிரி. கோப்பை இருந்தது அடுப்புக்குள், நாலு பக்கமும் தகரம், ஆயிரம் வாட்ஸ். இது திறந்த வெளி, கொஞ்சம் வாட்ஸ். சரி. ஒன்றும் ஆகாது. இன்று ஆகாது. நாளைக்கும் வர வேண்டுமே, நாளன்றைக்கும். பத்துத் தடவை வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாளே. பத்துத் தடவையும் இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டுமா? கர்ப்பப்பைச் சதை வெந்துபோய் அது இடம் மாறி விழுந்துவிட்டால்? விழுந்துவிட்டால் வாளி. சுருக். பார், திரும்பவும். சும்மா நீயாக நினைத்துக்கொள்கிறாய். நினைத்துக்கொண்டால் வலி வருமா? வரும்.

கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், காதோடு காதாக. அதிலும் ஒரு கஷ்டம். ப்ளெஸ்ஸி மேடத்துக்குக் காதோடு காது என்பதே கிடையாது. மூட்டுவலிக்கு வருகிற கிழடுகட்டைகளுக்குப் பாதிக் காது அவுட் என்பதால், யார் எது சொன்னாலும் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி, சரிதானே என்று கேட்டுக்கொள்வது அவள் தொழில் பழக்கமாகிவிட்டது. சற்று முன்னால்தான் இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் மெதுவாக ஏதோ முணுமுணுத்தார். “என்னய்யா? வெரைக்காய்லயும் வலிக்கா? எந்தப் பக்கம், எடதா வலதா?” என்று ப்ளெஸ்ஸி கேட்டது கீழே மருந்துக்கடை வரைக்கும் போயிருக்கும். பெரியவர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அத்தை திரைக்கு வெளியே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கழுத்துப் பட்டை போட்ட ஓர் அம்மாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சொந்தக்காரர்களைப் போல ஆகிவிட்டார்கள். அத்தைக்கு அது கைவந்த கலை. இப்போது கேன் சத்தம் கேட்கிறது. கீழ்க் கடைக்காரர் காப்பி கொண்டுவந்திருக்கிறார். டிகாக்‌ஷன் வாசனை பச்சைத் திரையைத் தாண்டி வந்துவிட்டது. “எனக்கு வேண்டாம்யா” என்கிறாள் அத்தை. “ஒரு வாய் குடிங்கக்கா, நான் குடுக்கேன்” என்கிறாள் கழுத்துப் பட்டை. “அய்ய, இல்லம்மா. இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன். இவளுக்கு ரெண்டாவது தங்குற வரைக்கும் காப்பி தொடுறதில்லன்னு. காப்பின்னா எனக்கு உசுரு பாத்துக்கோ. காலைல எந்திரிச்சதும் அது உள்ள போகலன்னா ஆளே இல்ல நான். அதான் அதையே விட்டேன். லேசா விடுறத விட்டா ஆத்தா ஏத்துக்கிடுவாளா?”

அத்தை அந்த வாசனையை மூக்கால் ஒருதரம் இழுத்துக்கொள்வாள், அனுசியாவுக்குத் தெரியும். வீட்டில் மாரீஸ்வரனுக்குக் காப்பி கலக்கும்போதெல்லாம் அத்தை அடுக்களை வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவாள். மூன்று வருஷமாக அந்த நிமிஷத்தில் அனுசியா நிமிர்ந்து பார்த்ததில்லை. கொடுமைக்கார மாமியாராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. குத்தம் அவளுடையது என்று ஒருநாள் சாடையாகக்கூடச் சொன்னதில்லை. எனக்குத்தான் ராசியில்லை என்பாள். ஆத்தாள் என்ன செய்வாள்? இங்கே ஒருத்தி காப்பியை விடுகிறாள், இன்னொருத்தி செம்புக்கம்பியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள், நடுவில் ஆத்தாளும்தான் திணறிப் போயிருப்பாள். வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்துக்கு நடுவிலும் இடுப்பில் இறங்குகிற சூடு சுகமாக இருந்தது, அது இன்னும் வெட்கமாக இருந்தது. பட்டப்பகலில், யாரும் எதுவும் கேட்காமல், இப்படிப் படுத்து எத்தனை காலமாயிற்று. முதுகில் கட்டிக்கிடந்தது இளகுகிறது. கண் சொக்குகிறது. தூங்கிவிடலாம். மிசின் தானாக நின்றுவிடும். எழுந்து ஊக்கைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாம்பார் வைக்கலாம். இத்தனை வருஷம் மறைத்தாகிவிட்டது, இன்னும் ஒன்பது நாள்தானே.

“காப்பிய விட்டும் ஆத்தா கண்ணத் தொறக்கலியே” என்று வெளியே அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். “அதான் வார ஆடி மொத வெள்ளியில இருந்து ராத்திரிச் சாப்பாட்டயும் விட்டுரலாம்னு இருக்கேன். ஒரு நேரம் சாப்பிடாட்டா என்ன, செத்தா போயிருவேன்?” “சுகருக்கு மாத்திர போடுதேன்னீகளே அக்கா” என்றாள் கழுத்துப் பட்டை. “அது பாட்டுக்கு அதப் போட்டுக்கிட வேண்டியதுதான். யார்ட்டயும் சொல்லல இன்னும். மகன் கேட்டா வைவான். நீயும் எங்கயும் சொல்லிராத.” எங்கேயும் சொல்லிவிடாதே என்பதை ஊருக்கே கேட்கும்படி சொல்கிற குரல் அது. அனுசியாவுக்குத் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. போன வருஷம் ஆடி வெள்ளி. விரதம் என்று காலையிலிருந்து அத்தைக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஆனால் மாத்திரையை மட்டும் டாக்டர் பேச்சைத் தட்டாமல் போட்டுக்கொண்டிருந்தாள். மாவாட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டர் பக்கத்திலேயே சாய்ந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கண் எங்கோ பார்த்தது, மகன் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. அனுசியாதான் சீனியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “பித்தம். ஒண்ணுமில்ல. இவன்ட்ட சொல்லிராதத்தா” என்றாள். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில்தான் இந்த வீட்டில் அவளை மிஞ்ச ஆள் இல்லையே. அது ஒரு வெள்ளிக்கிழமை, பகல். பக்கத்தில் ஆள் இருந்தது. இது தினமும், ராத்திரி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்தால், தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால், யாருக்குத் தெரியும்? வேர்க்கும். அவ்வளவுதான். விடிந்துதான் பார்ப்பார்கள்.

கணக்குப் போடு, அனுசியா. உன் கம்பிக்கு இந்த அலை போய்ச் சேருமா சேராதா என்று இத்தனை நேரம் போட்டாயே, அந்தக் கணக்கில் எத்தனை நடுச்சுவர் இருந்தது: தோல், கொழுப்பு, தசை, எலும்பு. நீ சொல்லாமல் வைத்திருப்பதற்கும் அத்தைக்கும் நடுவில் அப்படி ஒன்றுகூட இல்லை. நேராகப் போய் அவளுக்குள்தான் இறங்கும். மூன்று வருஷமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெற்றிலைக்கறை வாயோடு சிரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறாள். சொன்னால் என்ன ஆகும்? மாரீஸ்வரன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். கூடப் பிறந்தவன்போல வந்து பேசுகிற சித்தப்பா பெரியப்பாவெல்லாம் பஞ்சாயத்துக்கு உட்காருவார்கள். அம்மாவைக் கூப்பிட்டு விடுவார்கள். எடு என்பார்கள். எடுத்தால் வாளி. எடுக்கமாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாயைத் திறப்பதற்குள்தான் பதில் போய்விடுமே. அத்தை இனி அவள் தலையைத் துவட்டமாட்டாள். அதுதான், அந்த முந்தானைதான், எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. சொல்லாமல் விட்டால் முந்தானை இருக்கும். முந்தானைக்காரி? சுருக். இது கம்பி இல்லை. இது எங்கே என்று அவளுக்குத் தெரியும். மெதுவாகச் சொல்லலாமா, காதில்? சொல்லி, ப்ளெஸ்ஸி அதை உரக்கச் சொல்லி, அத்தை அதை ப்ளெஸ்ஸி வாயால் கேட்பதா? ஒருதரமாவது, இந்த ஒருதரமாவது, கேட்டவளுக்கு நானே பதில் சொல்கிறேன்.

“மேடம்” என்றாள். குரல் தலையணைக்குள்ளேயே போயிற்று. கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். “மேடம், மிசின நிப்பாட்டுங்க.” செருப்புச் சத்தம் ஓடிவந்தது. “என்னம்மா, சுள்ளுங்கா?” “இல்ல. எனக்கு உள்ள காப்பர் டி இருக்கு.” உறுமல் நின்றது. அது நின்றதும்தான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ப்ளெஸ்ஸி வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் திருப்பிச் சொல்லவில்லை. திரைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து, கிசுகிசுப்பாக, “எப்ப வச்சது?” என்றாள். அனுசியா கிசுகிசுக்கவில்லை. “தர்ஷிகா பொறந்த அன்னைக்கே. நாந்தான் வைக்கச் சொன்னேன். அஞ்சு வருசமா இருக்கு. எனக்கு இன்னொரு பிள்ள பெத்துக்கிடப் பயமா இருக்கு, மேடம். அத்தை பட்டினி கெடக்க வேண்டாம்.” கடைசி வார்த்தை மேடத்துக்கு இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. ப்ளெஸ்ஸி தட்டைத் தள்ளிவைத்து, முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். “நல்லவேள சொன்னீங்க. இது இடுப்புல மேலதான் பட்டிருக்கும், ஒண்ணும் ஆயிருக்காது. இருந்தாலும் லேடி டாக்டர்ட்ட ஒருக்க காட்டிருங்க. இனிமே உங்களுக்கு இது வேண்டாம், வெந்நி ஒத்தடம் குடுப்போம்” என்றாள். ஈரத்துணியில் சுற்றிய சூடான பொதி ஒன்று இடுப்பில் வந்து உட்கார்ந்தது. இது ஏமாற்றாத சூடு. தோலில் தொடங்கித் தோலுக்குத் தெரிந்து இறங்குகிற சூடு.

வெளியே கழுத்துப் பட்டை தொண்டையைச் செருமினாள். திரைக்கு அடியில் அத்தையின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வலது கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. எழுந்து போய்விடுவாள் என்று அனுசியா நினைத்தாள். திரையை விலக்கிக்கொண்டு வருவாள் என்றும் நினைத்தாள். கையில் அந்தக் கைக்குட்டை இருக்கும், கொலுசும் ஊக்கும் வளையலும். அதை இவள் மேல் விட்டெறிந்தாலும் சரிதான். எதுவும் நடக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் மடங்கியது, நிமிர்ந்தது. மூக்கு ஒழுகித் தலையணை நனைந்தது. அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. படியில் கேன் சத்தம் திரும்பி வந்தது. காலி டம்ளர்களை எடுத்துப் போகக் கடைக்காரர் வந்திருந்தார். ஒவ்வொன்றாக அவர் தட்டில் அடுக்குவது கேட்டது. “யோவ்” என்றாள் அத்தை. குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “கேன்ல காப்பி மிச்சம் இருக்கா?” “அக்கா, உங்களுக்குத்தான் நேர்ச்ச…” என்று தொடங்கிய கழுத்துப் பட்டை பாதியில் நிறுத்திக்கொண்டாள். “ஒரு டம்ளர்தான்க்கா இருக்கும், ஆறிக்கூடப் போயிருக்கும்” என்றார் கடைக்காரர். “குடு.” கேனின் குழாய் திறக்கிற சத்தம். டம்ளரில் விழுகிற சத்தம். வாளியில் விழுகிற சத்தம் மாதிரி இல்லை, சின்னச் சத்தம், சீக்கிரம் நின்றுவிட்டது. அனுசியா மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை ஊதவில்லை, ஆறிப்போனதை ஊத வேண்டியதில்லை. ஒரு மடக்குக் குடிக்கிற சத்தம் கேட்டது. “கசக்கு” என்றாள், யாருக்கும் இல்லாமல். கைக்குட்டைக்குள் கொலுசு மெல்லக் குலுங்கியது. டம்ளரை அவள் கீழே வைக்கவில்லை. இன்னொரு மடக்குக் குடித்தாள்.